நிமிடத்துக்கு நூற்றுப்பத்து

சயோகோவும் அவள் அப்பா கென்ஸோவும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பேட்டரியை மாற்றியது. எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கருவி அது. முதியவர்களுக்கென்று நகராட்சி கொடுத்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு தினம் எட்டாயிரம் அடி நடக்கச் சொல்லியிருந்தார் சர்க்கரை டாக்டர். ஜூலைப் புழுக்கத்திலும் அப்பா கனத்த காலுறை போட்டிருந்தார்.

மூடியைத் திருகிய கையோடு கருவியைக் கணினியில் செருகிப் பார்த்தாள் சயோகோ. அதிர்வு உணரிகளைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. தினமும் மாலை நான்கு முதல் ஐந்தரை வரை, நிமிடத்துக்கு நூற்றுப்பத்து அடி. நடுவில் கொஞ்சம் ஓய்வு, மறுபடி அதே நூற்றுப்பத்து. மழை கொட்டிய நாளிலும் மாற்றமில்லை. சிக்னலில் நிற்பவன், தெரிந்தவரைக் கண்டு பேசுபவன், மேடேறி மூச்சு வாங்குபவன் இப்படி நடக்கமாட்டான். எதிலோ கட்டி ஆட்டிவிட்ட கருவிதான் இப்படி எண்ணும்.

"இதை எதுலப்பா கட்டி ஆட்டுறீங்க?"

"பக்கத்து வீட்டு நாய் கழுத்துல. தினக்கூலி பேசியிருக்கேன்."

அந்த நாய்க்குப் பதினாலு வயது. சோற்றுத் தட்டுக்கே அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"டாக்டரை ஏமாத்திடலாம். உடம்பை ஏமாத்த முடியாது."

"எஞ்சினியரம்மா சொன்னா சரி" என்று கருவியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

நான்காம் நாள், ஜூலை ஏழு, காலையில் குளியலறை வாசலில் விழுந்தவர் எழவில்லை. வலது காலில் கட்டிய ரத்தம் மேலேறி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் மருத்துவமனை டாக்டர். மணிக்கணக்காக உட்கார்ந்தே இருப்பாரா, கால் எத்தனை நாளாக வீங்கியிருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டார். கால் வீங்கியிருந்ததே சயோகோவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் கேள்வி அவளை விடவில்லை. போன இலையுதிர்காலத்தில் அவள் வாங்கித் தந்த நடைச் செருப்பின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். தேயவே இல்லை. மூன்றரைக்கெல்லாம் கையில் ஒரு துணிமூட்டையோடு கிளம்பிவிடுவார், எங்கே என்றால் சிரிப்பார் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சூதாட்டக் கூடத்தில் இரும்புக் குண்டுகளை உருட்டிக்கொண்டு, தொடையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று முடிவு கட்டினாள் சயோகோ. நகரில் இருந்த மூன்று கூடங்களிலும் படத்தைக் காட்டிக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. படத்தை நீட்டும்போது அப்பாவின் மேல் கோபம்தான் வந்தது, அழுகை வரவில்லை.

மூன்றாவது கூடத்திலிருந்து மழையில் திரும்பும்போது, ஷின்மச்சி ஆற்றுப் பாலத்துக்கு அடியிலிருந்து சேகண்டிச் சத்தம் கேட்டது. ஆகஸ்ட் நடனத் திருவிழா நெருங்கினால் தொகுஷிமாவில் எந்தச் சந்திலும் கேட்கிற சத்தம்தான். கடந்து போனவள் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நூற்றுப்பத்து.

பாலத்தடியில் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள் முழங்காலை மடித்து, கையை உயர்த்தி, வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சேகண்டி அடித்த பாந்தோ என்பவர் அவள் முகத்தைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்தினார்.

"கென்ஸோ பொண்ணுதானே? நெத்தியைப் பார்த்தாலே தெரியுது."

அப்பா அங்கே ஆடினாரா, அல்லது உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாரா என்று கேட்டாள்.

"உட்கார்றதா? நாங்க மூச்சு வாங்கி உட்கார்ந்தாக்கூட இடுப்புல இருக்கறதைப் பார்த்து, 'இன்னும் முன்னூறு இருக்கு, அடிடா'ம்பான்."

சயோகோவிடம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் அவரே பதில் சொன்னார். அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. துக்க வீட்டுக்காரன் திருவிழாவுக்கு ஆடினால் தெரு என்ன பேசும், மகள் எங்கே முகத்தை வைத்துக்கொள்வாள் என்பாராம். வருஷம் முடிந்ததும், ஆகஸ்டில் கூப்பிட்டுக் காட்டுவதாக இருந்தாராம்.

கிளம்பும்போது பாந்தோ ஒரு கடைச் சீட்டை நீட்டினார். கட்டைவிரல் பிரிந்த துணிக் காலணி போட்டுத்தான் அங்கே ஆடுவார்கள். அப்பா புது ஜோடி தைக்கக் கொடுத்திருந்தாராம். சீட்டை, ஆடும்போது பிடிக்கும் விசிறிக்குள் செருகி அங்கேயே மறந்து போயிருக்கிறார்.

மறுநாள் சயோகோ அந்தக் கடைக்குப் போனாள். கடைக்கார அம்மா சீட்டைப் பார்த்துவிட்டு ஜோடியை எடுத்துவைத்தாள். இடதைவிட வலது ஓர் அளவு பெரிது.

"தப்பா தைக்கலம்மா. பூச்சி கடிச்சிருக்கு, வலது காலுக்கு இடம் விட்டுத் தைங்கன்னார். வீட்ல தெரிஞ்சா ஆட விடமாட்டாங்கன்னு சிரிச்சார்."

சீட்டில் அளவெடுத்த தேதி ஜூன் பதினெட்டு. வாங்கிக்கொள்ள வருவதாகச் சொன்ன தேதி ஜூலை பத்து.