எல்டன் சுடாத கொயோட்டிகள்

அமெரிக்காவின் வயோமிங்கில் எங்கள் பக்கத்துச் செம்மறிப் பண்ணைகளுக்காகக் கொயோட்டி வேட்டையாடுபவர் எல்டன் ரக்கர். நரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட அந்த மிருகத்துக்கு ஊரிலேயே அதிகம் பயப்படுபவரும் அவர்தான்.

வசந்தத்தில் குட்டி போட்ட கொயோட்டி தன் வளைப்பக்கம் வரும் நாயைச் சும்மா விடாது. அதை வைத்துத்தான் எல்டனின் பிழைப்பு. பிப் என்கிற தன் சின்ன நாயை முன்னால் அனுப்புவார். கொயோட்டி அதைத் துரத்திக்கொண்டு துப்பாக்கிக்கு எதிரே வந்து நிற்கும்.

இந்த ஏப்ரலில் ஒரு மேட்டில் இரண்டு சேர்ந்து துரத்தின. பிப் நேராக அவரை நோக்கி ஓடிவந்தது. அதன் வாலை ஒட்டிப் பற்கள். சுட்டால் குண்டு பிப் மேல்தான் பாயும். துப்பாக்கியைப் போட்டுவிட்டு, எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார். கொயோட்டிகள் மிரண்டு ஓடின.

பண்ணைக்காரி நடீனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்ப்பா எல்டன், கத்துறதுக்கா உனக்குக் கூலி? அத என் ஆடே சும்மா செய்யுமே!"

"பிப் பயந்துபோய் என்கிட்ட ஓடி வந்தாம்மா. நான் பயந்தா யாருகிட்ட ஓடுறது?"

மறுநாள் காலை அதே மேட்டில் பிப் வண்டியிலிருந்து துள்ளிக் குதித்தது. எல்டன் இறங்கவே இல்லை. விசிலடித்து அதைத் திரும்ப உள்ளே ஏற்றிக்கொண்டார்.