ஒலிபெருக்கியில் என் ஜனாஸா அறிவித்தல்

எங்கள் பள்ளிவாசல் அலுவலகக் கணினிக்குப் புதிய இயங்குதளம் போட்டதும், நாங்கள் கடிதம் தட்டும் பழைய மென்பொருள் திறக்கவில்லை. அதன் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு, பழைய கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்க்க ஒரு ஜனாஸா அறிவித்தலை, அதாவது மரணச் செய்தியை, எடுத்தேன். தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு பெயர் வேண்டும். அடுத்தவர் பெயரைப் போட மனம் வருமா? என் பெயரையே தட்டினேன். முன்பு இல்லாத ஒரு பொத்தான் திரையின் மேலே இருந்தது, சும்மா அழுத்தினேன்.

ஒரு பெண்குரல் அறிவித்தலை வாசித்தது. குரல் வந்தது மினாராக் கோபுரத்திலிருந்து! பயான் என்னும் மார்க்கப் பேச்சைப் போடுவதற்காகக் கணினியை ஒலிபெருக்கியில் செருகியிருந்தது எனக்கு நினைவே இல்லை. கல்முனை ஊரே கேட்க நான் வபாத்தாகிவிட்டேன்.

நான் வயரைக் கழற்றும் முன்பே காக்கா வெறுங்காலோடு ஓடிவந்தார். எங்கள் வீடுகளுக்கு இடையே மதில் கட்டிய தகராறுக்குப் பிறகு பெருநாளன்றுகூட என்னோடு கதைக்காத என் மூத்த சகோதரர்.

“ஆரு குடுத்த இந்த அறிவித்தல்? எங்க அவன்?” என்று கத்தியவர், என்னைக் கண்டதும் சுவரில் சாய்ந்தார்.

“காக்கா, இது மெஷின் செஞ்ச வேல. நான் மௌத்தாகல்ல.”

“அறுவானே! மௌத்தாகிறண்டாலும் எனக்கிட்டச் சொல்லிப்போட்டு மௌத்தாகு!”

பிறகு அவரே மைக்கைப் பிடித்தார். “என்ட தம்பி ஹயாத்தோட இருக்கான். ஒருத்தரும் அழாதீங்க” என்றார்.

அந்த “என்ட தம்பி”யைக் கேட்டதும் எழுந்துபோய், வாசலில் கிடந்த என் செருப்பை அவருடைய வெறுங்காலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.