ஆளுக்கு நாலு தறி

அன்று தறிக்கூடத்தில் இருந்தவர்கள் அப்பா, அவருக்கு இடப்பக்கம் தறி ஓட்டிய கொள்ளேகாலத்துக்காரர், வலப்பக்கத்து நஞ்சன்கூட்டுக் கன்னடக்காரர், பம்பாயிலிருந்து வந்திருந்த அதிகாரி, அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்ல நான். இல்லாதவர் தொழிலாளர் சங்கச் செயலாளர். மச்சினி கல்யாணத்துக்குச் சாமராஜநகர் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் மகாராஜா, கவர்னர் மாதிரி, ராஜப்பிரமுகர் ஆகியிருந்த காலம் அது. மைசூரில் எங்கள் பட்டு மில்லில் ஆளுக்கு இரண்டு தறி. அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அறுந்த இழையைத் தடவித்தான் கண்டுபிடிப்பார். மேலே யாருக்கும் அது தெரியவில்லை. காரணம் கூடத்துப் பழக்கம். ஒருவர் தடுமாறினால் இரு பக்கத்தாரும் எட்டி வந்து இழையை முடிந்துவிட்டுப் போவார்கள். கேட்கவும் மாட்டார்கள், சொல்லிக்காட்டவும் மாட்டார்கள். கை போடுவது என்று அதற்குப் பெயர்.

அதிகாரி கடிகாரம் வைத்து ஒவ்வொருவரையும் சோதிக்கப் போகிறார், தேறாதவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பேச்சு. நான் அதே மில்லில் தற்காலிகக் குமாஸ்தா. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள்.

"பயப்படாதீங்கண்ணா," என்றார் கொள்ளேகாலத்துக்காரர். "தொரை கடிகாரத்தைப் பாக்கறப்ப நாங்க உங்க தறியப் பாத்துக்கறோம்."

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி சும்னே நில்லு அண்ணா," என்று சும்மாவைக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார் கன்னடக்காரர்.

அப்படியே நடந்தது. அதிகாரி குனிந்து எழுதும்போதெல்லாம் இரு பக்கமிருந்தும் கைகள் வந்தன. அப்பாவின் தறிகள் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பி, "வெரி எஃபிஷியண்ட் மேன்," என்றார்.

"என்னடா சொல்றார்?"

"ரொம்பத் திறமைசாலின்னு சொல்றார்ப்பா."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார்.

வீட்டில் அம்மா நம்பவில்லை. "தீப்பெட்டி எங்க இருக்குன்னு தெரியாது இந்தத் திறமைசாலிக்கு. அந்த வார்த்தைக்குச் சரியா அர்த்தம் சொல்லு."

"ஸ்கூல்ல எஞ்சினுக்குத்தான்மா சொல்லிக் குடுத்தாங்க. கொஞ்சம் கரியைத் தின்னுட்டு நிறைய இழுக்கிற எஞ்சின்."

"அப்ப அது நான்தான். நாலு சுள்ளியில அஞ்சு பேருக்குப் பொங்கறேனே!"

எல்லோரும் சிரித்தோம். மனிதருக்கும் அந்தச் சொல்லை அதே கணக்கில்தான் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது. நான்தான் தமிழில் வாசித்தேன். வயதான ஒருவரே இரண்டு தறியை நிற்காமல் ஓட்டி, அதிலும் பாதி நேரம் கை சும்மா இருக்க நின்றிருக்கிறார். ஆகவே இனி ஆளுக்கு நாலு தறி, மிச்சப் பேர் தேவையில்லை. தேவையில்லாதவர்களில் முதல் இரண்டு பேர் அப்பாவின் இரு பக்கத்தார். சோதனையன்று அவர்களுடைய தறிகள் அடிக்கடி நின்றுபோயிருந்தனவாம்.

"நான் போய் உள்ளதைச் சொல்லிடறேன்," என்று அப்பா கிளம்பினார்.

கொள்ளேகாலத்துக்காரர் அவர் கையைப் பிடித்தார். "சொன்னா மூணு பேரும் போவோமுங்க. ஒருத்தராவது இருங்க."

திரும்பி வந்த செயலாளர் அறிவிப்பைப் படித்துவிட்டு, "நம்ம ஆளே ஓட்டிக் காட்டியிருக்கார், நான் எதை வெச்சு வாதாடறது?" என்றார்.

அப்பாவுக்கு நாலு தறி கொடுத்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. எட்டி வந்த கைகளுக்குப் பதில் இரு புறமும் அவருடைய தறிகளே ஓடின. எந்தத் தறியில் இழை அறுந்தது என்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருப்பார். பட்டு முழம் முழமாகப் பாழானது. தீபாவளிக்கு முன்பே அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

என்னை நிரந்தரமாக்கினார்கள். என் பணிக் குறிப்பிலும் எஃபிஷியண்ட் என்றே எழுதியிருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த ஒரு நாள் சோதனையில் மூன்று வீடுகளும் சேர்ந்து இழந்தது, ஆளுக்கு அறுபது சம்பளமாக, மாதம் நூற்று எண்பது ரூபாய்.