இரண்டாவது பிரேக் இல்லாத வண்டி

சாவியைக் கையில் வாங்கியதும் என் மனைவி நேராகப் போய், புது வண்டியின் கதவைத் திறந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததோடு பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள். அவள் கால் தானாக முன்னால் நீண்டு, கீழே எதையோ தேடியது.

ஷோரூம் ஆட்கள் மூன்று பேர் கைதட்டுவதற்காக வரிசையாக நின்றிருந்தார்கள். ஸ்டியரிங்குக்கு முன்னால் யாருமே இல்லாததைப் பார்த்துவிட்டுத் தட்டலாமா வேண்டாமா என்று கையைப் பாதியில் வைத்துக்கொண்டார்கள். விற்பனையாளர் என்னைப் பார்த்தார்.

“சார்தான் ஓட்டப் போறீங்களா?”

“எனக்கு சைக்கிளே தகராறுங்க.”

அவர் சிரித்தார். அந்த மூன்று பேருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது என் மனைவிக்குத் தெரியாது. அவள் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் ஊரில் அவளை பிரேக் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறாள். சொந்தமாக ஒரு பயிற்சிப் பள்ளி, அதில் இரண்டு சின்னக் கார்கள், சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் ஒட்டிய ஓர் அறை. பயிற்சிக் காரில் சொல்லித்தருபவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். படிப்பவர் தடுமாறினால் இவள் அதை மிதிப்பாள். ஊரில் இருக்கும் பல் மருத்துவர், வங்கி மேலாளர், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் எல்லாரும் அவளிடம் திட்டு வாங்கித்தான் உரிமம் வாங்கினார்கள். யாராக இருந்தாலும் மரியாதை குறையாமல் திட்டுவாள். “கண்ணாடியைப் பாருங்க. அது தலை வாரிக்கறதுக்கு இல்லீங்க, பின்னாடி லாரி வருது.”

நான் மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளர். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிற ஜாதி. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் வாத்தியார் புருஷன் மக்கு. கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் மூன்று முறை எனக்குச் சொல்லித்தரப் பார்த்தாள். மூன்றாவது முறை வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, இறங்கி, நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வகுப்பில் கல்லூரி நூலகர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சந்துக்குள்ளிருந்து தபால்காரர் சைக்கிளில் வெளியே வந்தார். நூலகர் பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். என் மனைவி தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது, ஆனால் சைக்கிளை இடித்துவிட்டு நின்றது. தபால்காரருக்குக் கால் எலும்பு முறிந்து, மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். விசாரணையில் டீச்சர் மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். தபால்காரரும் நல்ல மனிதர், இப்போது எழுந்து நடந்து எங்கள் வீட்டுக்கே தபால் கொண்டுவந்து, டீச்சர் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

ஆனால் அன்று மாலை பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள். “அரை நொடி லேட்டுங்க. என் கால் அரை நொடி லேட்டு.” அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வகுப்புகள் எப்போதும் போல நடந்தன. பக்கத்து இருக்கையில், அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார அவளால் முடிந்தது. ஓட்ட முடியவில்லை. காலையில் கொட்டகையிலிருந்து வண்டியை எடுப்பதும் மாலையில் திருப்பி விடுவதும் உதவிப் பயிற்சியாளரின் வேலையாகிவிட்டது. கடைக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கேட்டால், “வண்டி நிறுத்த இடமே கிடைக்கறதில்லைங்க” என்பாள். மருந்தகத்தில் தனக்கு வேண்டிய மருந்தையே “வீட்டுல ஒருத்தருக்கு” என்று சொல்லி வாங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். எனக்குப் புரியாமல் போகுமா? சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது பெருந்தன்மை இல்லை, பயம்.

அடுத்த மாதம் அவளுடைய பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவளே ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் பள்ளியை இழுத்து மூட வேண்டியதுதான். யாருக்கும் தெரியாமல் ஓட்டிப் பழகலாம் என்றால், எங்கள் ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் அவளிடம் படித்தவர் ஒருவர் கையாட்டிக்கொண்டு நிற்பார்.

அந்த நேரத்தில்தான் இந்த வண்டி அவள் கண்ணில் பட்டது. பக்கத்து மாநிலத்தில் ஒரு டீலர். இரண்டே இருக்கை, தாழ்ந்த கூரை, ஆறு கியர். போன வருட மாடல். புது மாடல் வந்துவிட்டது, இது மட்டும் விற்காமல் நிற்கிறது. பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தால் யார்தான் வாங்குவார்கள்? சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இப்படி ஒரு வண்டி மேல் ஆசை. ஆனால் ஆசை பாதிதான், மீதி என்னவென்று எனக்குத் தெரிந்தது. நானூறு கிலோமீட்டர், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத சாலை. தண்ணீரில் இறங்கினால்தான் நீச்சல் வரும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

“ரெண்டு சீட்டுதானா? நான் வந்தா எங்கே உக்கார்றதும்மா?” என்று மகள் போனில் கேட்டாள். “நீ வர்றப்ப அப்பா பஸ்ல வருவாரு” என்றாள் இவள். நான் டீலருக்கு போன் செய்து உற்பத்தித் தேதி கேட்டேன். “சார், இது மருந்து இல்ல சார்” என்றார் விற்பனையாளர்.

அதே விற்பனையாளர்தான் இப்போது குனிந்து ஜன்னல் வழியாக அவளிடம் சொன்னார்.

“மேடம், நீங்க சிரமப்பட வேண்டாம். லாரியில ஏத்தி விட்டுடறோம். நாலு நாள்ல உங்க வீட்டு வாசல்ல இறக்கிடுவாங்க. வெளியூர்லேர்ந்து வாங்கறவங்க நிறைய பேரு அப்படித்தான் பண்றாங்க.”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

முப்பத்தொரு வருடத்தில் வண்டி விஷயமாக அவள் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நேரம் கடத்துவதற்காகக் குனிந்து டயரில் அச்சாகியிருந்த எண்ணைப் படித்தேன். எத்தனையாவது வாரம், எந்த வருடம் என்று அதில் இருக்கும். இருபது மாதப் பழைய டயர். ஒரே இடத்தில் இருபது மாதம் நின்றிருக்கிறது.

“லாரியிலயே போகட்டுமே,” என்றேன். “உனக்கு எதுக்குக் கஷ்டம்?”

“எனக்கு என்ன கஷ்டம்? நான் வண்டி ஓட்டறவ.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

“பதினாலு மாசமா ஓட்டலையே நீ.”

அவள் முகம் வெளுத்தது. விற்பனையாளருக்கு என்ன புரிந்ததோ, ரசீது எடுப்பதுபோல உள்ளே போய்விட்டார். அவள் பெல்ட்டைக் கழற்றினாள், இறங்கினாள், வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள். அங்கே நான் நின்றிருந்தேன்.

“தள்ளுங்க,” என்றாள்.

இப்படி ஒரு கோபத்தில்தான் அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். இருக்கை அவ்வளவு தாழ்வு, தரையில் பாய் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்ஜின் உறுமியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி எடுத்தாள், கேட்டருகே வந்து மறுபடி நின்றது. இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்தவள்.

“புது கிளட்ச் மேடம், கொஞ்சம் டைட்டா இருக்கும்,” என்று ஒருவர் கத்தினார். நல்ல மனசு.

அப்போது அவள் மெல்லப் பேச ஆரம்பித்தாள்.

“கிளட்ச்சை முழுசா மிதிங்க. முதல் கியர். அவசரமே இல்லை. பாதி விடுங்க, அங்கயே வைங்க. வண்டி லேசா துடிக்குதா? இப்ப ஆக்சிலேட்டர்.”

“எனக்கா சொல்ற?” என்றேன். வண்டி கேட்டைத் தாண்டியது. அவள் தன்னையே மாணவியாக உட்காரவைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. திட்டும்போதுகூடத் தனக்கே மரியாதை கொடுத்தாள். “கண்ணாடியைப் பாருங்க. தூங்கறீங்களா? சிக்னல் போடுங்க.”

நெடுஞ்சாலையில் லாரிகள் எங்களை உரசுவதுபோலப் போயின. அவற்றின் சக்கரம் என் தலை உயரத்துக்கு இருந்தது. அவள் உள்ளங்கையை மாற்றி மாற்றித் துணியில் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டியதைப் பார்த்து, கடந்து போன ஒரு பையன் சிரித்துக்கொண்டே போனான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

அறுபது கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். இறங்கியதும் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எவ்வளவு நாளா தெரியும்?”

“முதல் வாரத்துலேர்ந்து.”

“ஏன் கேக்கல?”

“நீயே சொல்லுவன்னு இருந்தேன்.”

“நல்லா இருந்தீங்க!” என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. “ஊரு பூரா கண்ணாடி பாரு, கண்ணாடி பாருன்னு கத்தறேன். பதினாலு மாசமா பின்னாலேயே ஒருத்தர் வந்திருக்காரு, எனக்குத் தெரியல.” டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்தாள். “இதுல அந்த பிரேக் இல்லீங்க. பக்கத்துல யாரும் பிடிக்க மாட்டாங்கன்னு தெரியுது. யாராவது குறுக்க வந்தா என் கால் மறுபடியும் லேட்டாயிடுமோன்னு இருக்கு.”

பயத்துக்கு என் அலமாரியில் மாத்திரை உண்டு, ஆனால் இந்தப் பயத்துக்கு இல்லை. “இன்னும் முந்நூத்தி நாப்பது கிலோமீட்டர்தான்,” என்றேன். அவள் முறைத்தாள். முறைத்தது நல்லதாகப் போயிற்று, டீயைக் குடித்துவிட்டாள்.

மதியத்துக்குள் மாநில எல்லையைத் தாண்டினோம். அவள் தன்னிடமே பேசுவது கொஞ்சம் குறைந்திருந்தது. மேட்டில் ஏறும்போது நான்காவது கியருக்கு மாற்றியதில் வண்டி சுகமாக முனகியது, அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று உற்றுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பியதிலிருந்து ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. யாராவது குறுக்கே வந்தால் நான் முதலில் பார்த்துக் கத்திவிட வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு சிறிய ஊருக்குள் சாலை இறக்கமாக இறங்கியது. ஒரு பக்கம் சிமெண்ட் மூட்டைக் கடை, மறுபக்கம் சுவர். சுவர் முடிகிற இடத்தில் ஒரு சந்து. அந்தச் சந்திலிருந்து, கைப்பிடியில் ஒரு பை தொங்க, ஒருவர் சைக்கிளில் நேராக எங்கள் முன்னால் வந்துவிட்டார்.

நான் கத்தவில்லை. என் தலை முன்னால் போய், பெல்ட் நெஞ்சை இறுக்கி, திரும்பப் பின்னால் வந்து மோதியது. டயர் கிறீச்சிட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இன்ஜினும் அணைந்துவிட்டது.

சைக்கிள்காரர் எங்களுக்கு இரண்டு ஆள் நீளம் தள்ளி, நிதானமாகக் குறுக்கே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்கு ஒரு ஆபத்து வந்து போனது அந்த மகராசனுக்குத் தெரியவே தெரியாது. சிமெண்ட் கடைப் பக்கம் போய் இறங்கி, பையைச் சரிசெய்துகொண்டார்.

பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. என் மனைவி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, அந்த மனிதரின் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நடந்து கடைக்குள் போகும்வரை பார்த்தாள். அப்புறம் கீழே குனிந்து என் காலைப் பார்த்தாள்.

என் கால் தரையில் பதிந்திருந்தது. எவ்வளவு பலமாக மிதித்தேனோ, செருப்பு வார் அறுந்து தொங்கியது.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அப்புறம் எதுக்கு மிதிச்சீங்க?”

“உனக்கு ஒரு பிரேக் குறையுதுன்னு சொன்னியே.” அறுந்த வாரைக் குனிந்து எடுத்தேன். “டீக்கடையிலேர்ந்து காலை அங்கதான் வச்சிருக்கேன்.”

வேன்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏதோ திட்டிவிட்டுப் போனார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தேர்வில் கேட்பதுபோல, மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

“யாரு முதல்ல மிதிச்சது? நீங்களா, நானா? உண்மையைச் சொல்லுங்க.”

அவளைச் சமாதானப்படுத்த நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பொய் தேவைப்படவில்லை. கிளம்பியதிலிருந்து கண் கொட்டாமல் சாலையைப் பார்த்தது நான். வேறு ஒரு வேலையும் எனக்கு இல்லை. அப்படியும் பெல்ட் என்னை இறுக்கின பிறகுதான் என் கால் தரையை மிதித்தது.

“நீதான்,” என்றேன். “வண்டி நின்னதுக்கப்புறம்தான் நான் மிதிச்சேன்.”

அவள் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் முதுகில் கை வைத்தேன், அவள் அதைத் தட்டிவிடவில்லை. பதினாலு மாதத்து அழுகை, அதை அவசரப்படுத்த நான் யார்? சிமெண்ட் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பினாள். இந்த முறை தனக்குத் தானே எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது.

“திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்புக்கு வந்துடுங்க,” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உங்க கால் ரொம்ப லேட்டு.”

“வர்றேன் டீச்சர்,” என்றேன்.