அம்மா ஏழு முறை கேட்ட கேள்வி

என் அம்மா அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எதிர்க்க வேண்டியதை ஒளித்து வைத்துவிடுவார். நில அளவர் தேர்வில் நான் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோதும் அதைத்தான் செய்தார்.

"பொம்பளப்புள்ள காடு காடா அளந்துக்கிட்டுத் திரியவா?" என்று அப்பா என் சான்றிதழ்களை டிரங்குப் பெட்டியில் போட்டு, பெரிய திண்டுக்கல் பூட்டாகப் பார்த்துப் பூட்டினார். அவர் மார்க்கெட்டுக்குப் பூ போடப் போயிருந்தபோது அம்மா சாவியைக் கண்டுபிடித்துக் காகிதங்களை எடுத்து எங்கோ வைத்துவிட்டார். எனக்குக்கூட இடம் சொல்லவில்லை. என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

எங்கள் திட்டம் இதுதான். அப்பா பார்த்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று நடிப்பது. ஞாயிறன்று அவர்கள் பூ வைத்துவிட்டுப் போனதும் திங்கள் காலை முதல் பஸ்ஸில் சரிபார்ப்புக்கு ஓடிவிடுவது. பூ வைத்த தலையை அப்புறம் எப்படி விடுவிப்பது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "வாசல்ல எதுக்குடி இம்புட்டுச் செருப்பு?" என்றார்.

"பூ வைக்க வந்திருக்காகம்மா."

"யாருக்கு?"

நடிப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுகிறார் என்று நினைத்தேன். கண்ணைப் பார்த்ததும் நடிப்பில்லை என்று புரிந்தது. அவருக்கு என்னைத் தெரிந்தது, அப்பாவைத் தெரிந்தது, நான் பாஸ் பண்ணியது வரைக்கும் தெரிந்தது. அதற்குப் பிந்தைய ஒரு மாதம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி மறந்திருந்தது. கடிதம், சாவி, நடிப்பு எல்லாம் போச்சு.

மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்த நேரம், கூடத்துக்கு வந்த என் அம்மா அப்பாவிடம் நேராகக் கேட்டார். "ஏங்க, புள்ள பரீச்சையில பாஸ் பண்ணியிருக்கா. வேலைக்குப் போக வேணாமா?"

அப்பா அதட்டினார். மூன்று நிமிடத்தில் அதே கேள்வி. இந்தத் தடவை விளக்கிச் சொன்னார். அடுத்த தடவை, ஊர் என்ன பேசும் என்றார். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அப்போதுதான் தோன்றியது மாதிரி மறுபடி கேட்டார். சொன்ன பதிலை மறந்துவிடுகிறவரிடம் யார்தான் வாதாடி ஜெயிக்க முடியும்?

மாப்பிள்ளையின் அம்மா சரத்தைத் தட்டில் வைத்தார். "பூ கெடக்கட்டும்ண்ணே. மொத ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

அவர்கள் வந்த வேனிலேயே எல்லாரும் ஏறினோம். அம்மாவின் கையை நான் விடவில்லை. அவ்வளவு பயம் எனக்கு. ஆறாவது தடவை கேட்டபோது அப்பா அழுதுவிட்டார். "போகட்டும்த்தா. நீ நல்லாயிட்டாப் போதும்." அம்மா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அந்த நிம்மதி ரயில்வே கேட் வரைக்கும்தான். ஏழாவது தடவையும் கேட்டார். வேன் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, அப்பா ஏழாவது தடவையும் "போகட்டும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு நாளில் தெளிந்துவிடும், ஆனால் இந்தச் சில மணி நேரம் மட்டும் திரும்ப நினைவுக்கு வராது என்றார் டாக்டர். சான்றிதழ்கள்? நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். "அம்மா, அப்பாவுக்குத் தெரியாம ஒண்ண ஒளிக்கணும்னா எங்க வைப்ப?"

"அவரு கை படாத எடத்துல."

"அது எங்க?"

"அடுப்படி பூராவுந்தான்."

கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அலுவலக வாசலில் என் கையில் காகிதங்களைக் கொடுத்தார். வடக டப்பாவின் அடியில் இருந்தனவாம். சரிபார்த்த அதிகாரி காகிதத்தின் வடக வாசத்துக்கு இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். வேலை கிடைத்தது.

இன்று நத்தம் பக்கத்துத் தோப்புகளை நான்தான் அளக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் திரும்பி வரவேயில்லை. தன் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அவருக்கே தெரியாது. எத்தனை முறை சொன்னாலும், "நானாடி? ஒங்க அப்பாகிட்டயா?" என்பார். நம்பாமல் அப்பா பக்கம் திரும்புவார். "நெசமாவா? நீங்க என்ன சொன்னீக?"

அப்பா பூக்கூடையிலிருந்து தலை நிமிராமல் மறுபடி சொல்வார். "போகட்டும்னேன்."