பலேர்மோவில் தேய்ந்துபோன வெள்ளிக் குதிரை

லண்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமான் விற்கிறேன். என் அக்கா யோகா இத்தாலியின் பலேர்மோவில் பத்தொன்பது வருடமாக ஒரு சிஞ்ஞோராவின், அதாவது வயதான சீமாட்டியின், வீட்டில் வேலை செய்கிறார். அங்கே ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளித் தேநீர்க் கூஜா இருக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன மார்ச்சில் மூன்று நாள் லீவு கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து நகரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸுக்கு ஆறரை யூரோ, ஐம்பது நிமிடம். காலை 10.20க்குப் பொலிதேயாமா சதுக்கத்தில் இறங்கினேன். வீட்டுக்கு எட்டு நிமிட நடை. (அக்கா ஐந்து என்றார். அவர் நடக்கிற வேகம் அப்படி.)

கதவைத் திறந்த அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சிஞ்ஞோராவின் காலமான கணவருடைய அண்ணன் மகன், கூஜாவை விலை பேசி வாங்க மிலானிலிருந்து வந்திருந்தார். அவர் கையில் பழைய காப்புறுதிப் பத்திரமும் ஒரு படமும். படத்தில் கூஜாவின் வயிற்றில் அவர்கள் குடும்பச் சின்னமாகச் செதுக்கிய குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. மேசையிலிருந்த கூஜாவின் வயிறோ மொழுமொழுவென்று இருந்தது. அக்கா அசலைத் திருடிவிட்டுப் போலியை வைத்துவிட்டார், பொலிஸைக் கூப்பிடுகிறேன் என்று மிலான்காரர் கத்தினார்.

கூஜாவைக் கவிழ்த்தேன். ஆங்கிலேய வெள்ளிக்கு அடிக்கும் முத்திரைகளான நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டு எழுத்து, செய்தவரின் முத்திரை, நான்கும் பத்திரத்தில் வரைந்திருந்தபடியே அடியில் இருந்தன. அசல்தான். அப்படியானால் குதிரை எங்கே?

"அக்கா, இதை எதாலை துலக்கிறனீங்கள்?"

"வேறை எதாலை? திருநீறாலைதான். சனிக்குச் சனி, நல்லா அழுத்தி."

ஊரில் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குச் செய்வதை இங்கே பத்தொன்பது வருடம் செய்து, ஏற்கெனவே மெலிந்திருந்த குதிரையைத் துடைத்தே எடுத்துவிட்டார். கூஜா யாருடையது என்பதற்கு அந்தச் செதுக்கல்தான் சாட்சி.

"களவெடுக்கேல்லை எண்டு காட்ட, நான்தான் அழிச்சனான் எண்டு சொல்ல வேணுமோடா? வேலை போயிடுமே!"

"ஓம் அக்கா. சொல்லுங்கோ."

அழுதுகொண்டே இத்தாலியனில் சொன்னார். நான் அந்த இடத்தில் வாயின் ஆவி படும்படி ஊதினேன். தேய்ந்த செதுக்கலைத் தேட எங்கள் தொழிலில் செய்வது இதுதான். ஒரு குளம்பும் வாலும் மங்கலாகத் தெரிந்து மறைந்தன. மிலான்காரர் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

சன்னலோரம் தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்த சிஞ்ஞோரா அப்போது கண்ணைத் திறந்து ஏதோ சொன்னார். அக்கா பேயறைந்தவர் போல என்னைப் பார்த்தார்.

"அது மனிசன்ரை வீட்டுக் குதிரையாம். அவையின்ரை திமிரை நாப்பது வருஷம் சுமந்தவவாம். அது தேயிறதைச் சனிக்குச் சனி பார்த்துக்கொண்டுதான் இருந்தவவாம். கூஜா இப்ப தன்ரையாம், விக்கிறேல்லையாம்."

வெள்ளி பார்க்கப் போகிறவர்கள் முதலில் அடியைப் பாருங்கள், பிறகு ஊதிப் பாருங்கள். வீட்டில் பழைய வெள்ளி இருந்தால் மெல்லிய பருத்தித் துணி போதும். திருநீறை நெற்றியோடு நிறுத்துங்கள். அக்காவிடமும் ஒரு துணி கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை போனில் கேட்டேன்.

"துணி அலுமாரிக்கை கிடக்குது. ஊதினா வால் இன்னும் தெரியுதாம். சிஞ்ஞோரா திருநீறைத்தான் எடுக்கச் சொல்லுறா."