ஏழு எண்ணும்வரை சுடாத மோட்டார்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்த நான்கு மாடி வாகன நிறுத்தத்தின் மொட்டைமாடி காலியாகக் கிடக்கும். ரிமோட் கார் பைத்தியம் பிடித்த பத்துப் பதினைந்து பேர் அங்கே சாக்பீஸால் வளைவும் நெளிவுமாகப் பாதை போட்டு, முழங்கால் உயரம்கூட வராத கார்களை விரட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். வீட்டில் கேட்டால் முக்கியமான வேலை என்பார்கள்.

இவர்களுக்கு நடுவே விரலண்ணன் என்றால் தனி மரியாதை. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்து மூன்று வருடங்களில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எட்டு வருடங்களுக்கு முன் மனைவியின் தங்கைக்குக் கார்ப் பெட்டி தூக்க வந்தவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். சொந்தமாக ஒரு ரிமோட் கார்கூட அவரிடம் இல்லை. ஆனால் எந்த மோட்டாருக்கு எந்த ஹீட்சிங்க் என்பதில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ஹீட்சிங்க் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. மோட்டாரின் முதுகைக் கவ்விப் பிடிக்கும் அலுமினியத் துண்டு. சீப்பின் பல் மாதிரி வரிசையாகத் தகடுகள் இருக்கும். மோட்டாரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. சின்னதாக இருந்தால் சூடு தாங்காது, பெரிதாக இருந்தால் கனத்தில் கார் மந்தமாகிவிடும். இதற்குத்தான் விரலண்ணனின் கணக்கு. ஐந்து நிமிடம் ஓடிய காரைக் கவிழ்த்து, மோட்டாரில் ஆள்காட்டி விரலை வைத்து எண்ணுவார். ஐந்து வரை தாங்கினால் ஹீட்சிங்கே வேண்டாம். மூன்றில் எடுத்துவிட்டால் சின்னது. ஒன்றுக்கே துள்ளினால் விசிறி வைத்தது. தொடவே முடியாவிட்டால் மட்டும் வெளுத்து வாங்குவார்.

"பல்சக்கரத்த மாத்துய்யா மொதல்ல! ஹீட்சிங்க்ங்கிறது காய்ச்சலுக்குப் போடற ஈரத்துணி. நோவு வேற எடத்துல இருக்கு!"

சூடு பார்க்கும் கருவியை ஒருவர் வாங்கி வந்தபோது, "அதுக்குச் சாப்பாடு போட வேணாம், வச்சுக்கோ" என்று நக்கலடித்தார்.

இத்தனை பேசுகிற மனிதர் ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை. அவருடைய பாதங்கள் மரத்துப்போயிருந்தன. ஒருநாள் கடைக்குப் போகும் வழியில் ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது. அரைத் தெரு நடந்த பிறகு யாரோ கூப்பிட்டுச் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. பேருந்தில் பிரேக்கின் மேல்தான் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. சர்க்கரை நோய் மாத்திரையைக் கண்டால்தான் அவருக்குக் கசப்பாயிற்றே, ஒழுங்காக விழுங்கியதே இல்லை. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். வண்டி ஓட்டாமல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பயம்தான், வேறென்ன?

கை நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் போட நேரமாவதை வயதின் கணக்கில் எழுதினார்.

அந்த ஞாயிறு மச்சினிச்சி புது மோட்டாரோடு வந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள்; வாய் அதிகம், கை சுத்தம். மூன்று வருடங்களாக இறுதிப் போட்டிக்கு வந்து தோற்றவள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் காரைக் கவிழ்த்து வைத்தாள். மேஜையில் சின்ன ஹீட்சிங்க் ஒன்று, விசிறி வைத்தது ஒன்று.

"மாமா, எதுன்னு சீக்கிரம் சொல்லுங்க. நல்ல நாள் பாக்காதீங்க."

அவர் விரலை வைத்தார். ஐந்து தாண்டியது. ஆறு. ஏழு.

"பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. ரெண்டுமே வேணாம், கனம் கொறையும்."

"புது மோட்டாரு மாமா. இந்த வெயில்லயா?"

"நீ மாத்திரைய எண்ணு. இத நான் பாத்துக்கறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் இரண்டு ஹீட்சிங்கையும் பெட்டியில் போட்டு மூடினாள்.

போட்டியில் ஆறு சுற்றுவரை அவள் கார்தான் முன்னால் போனது. ஏழாவது சுற்றில் வளைவில் திணறி, புகை விட்டு, நின்றது. ஓடிப்போய் எடுத்து வந்து கவிழ்த்தாள். தொட்டதும் கையை உதறிக்கொண்டு கத்தினாள். கறுத்துப்போன மோட்டாரிலிருந்து வார்னிஷ் தீய்ந்த நாற்றம் அடித்தது.

"எப்படி ஆச்சு? நான் ஏழு எண்ணினேனே" என்று அவர் விரலை நீட்டினார்.

விரல் நுனியில் கொப்புளம் எழும்பியிருந்தது. அவர் அதை அப்போதுதான் பார்த்தார்.

அவளுக்குக் கோபம் வந்த வேகத்தில் போயிற்று. மருந்துக்கடையில் சர்க்கரைக்காரர்களிடம் இந்தக் கதையைத் தினம் கேட்கிறவள். அவர் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள்.

"அந்தப் பக்கம் பாருங்க மாமா."

"எதுக்கு?"

"பாருங்களேன்."

அவர் பாதையின் பக்கம் திரும்பினார். மற்ற கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பண்ணப்போற?" என்று கேட்டார்.

"பண்ணிட்டேன்" என்றாள். அவள் கையில் கூரான ஸ்குரூ டிரைவர் இருந்தது. அவருடைய நடுவிரலில் அது அழுந்திய குழி இன்னும் மறையவில்லை.

அவர் அந்தக் குழியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கால்லயும் இப்படித்தானா?" என்றாள்.

அவர் குனிந்து, செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்தார்.

"மாமா, நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி எடுக்கறீங்க?"

"ஆறே முக்கால்."

"எத்தன புள்ளைங்க?"

"நாப்பத்திரண்டு" என்று வழக்கம்போலச் சட்டென்று சொன்னார். சொன்ன பிறகு, பின்சீட்டில் முட்டிமோதுகிற சின்னதுகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. உட்கார்ந்துவிட்டார்.

போட்டி முடிந்து கைதட்டல் கேட்டது. யார் ஜெயித்தார்கள் என்று மச்சினிச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போனை எடுத்து, எண் சரியாக அழுந்தாமல் இரண்டு தடவை தப்பி, மூன்றாவது தடவை பள்ளி வாகன மேலாளரைப் பிடித்தார்.

"சார், நாளைக்கு என் வண்டிக்கு வேற ஆளப் போட்டுருங்க."

"என்னய்யா திடீர்னு? எத்தன நாளைக்கு?"

"தெரியல சார்." போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "பிரேக்குல கால் இருக்கான்னு குனிஞ்சு பாத்துதான் ஓட்டுறேன் சார். ஆறு மாசமா."